எண்ணெய்க் கலயமும் கடன் சீட்டும்

(வானொலி மறையுரை. வாசகம்: 2 அரசர்கள் 4:1-7)

 

ஜூன் மாதம் நம் குடும்பங்களுக்குப் பாரமான மாதம். பள்ளிக்கூடம் திறக்கிறது. கட்டணம், சீருடை, நோட்டுப் புத்தகம், காலணி என்று செலவுகள் வரிசையில் நிற்கின்றன. ஏப்ரலிலும் மே மாதத்திலும் இரவு பகலாகச் சுற்றிய மின்விசிறிக்கும், தூங்க முடியாமல் போட்ட ஏ.சி.க்கும் சேர்த்துப் பல வீடுகளுக்கு மின் கட்டணம் வருவதும் இதே நாள்களில்தான். பீரோவில் இருந்த வளையல் அடகுக்குப் போகிறது. அடகுச் சீட்டு சேலை மடிப்புக்குள் ஒளிகிறது. கணவர் வாங்கிய கைமாற்று மனைவிக்குத் தெரியாது. மனைவி குழுவில் எடுத்த கடன் கணவருக்குத் தெரியாது. மாலையில் எல்லாரும் சேர்ந்து செபமாலை சொல்கிறோம். ஆனால் செபிக்கும்போதே ஒவ்வொருவர் மனத்திலும் ஒரு தவணைத் தேதி ஓடிக்கொண்டிருக்கிறது.

கடனையும் கரண்டு பில்லையும் பற்றி மறையுரையில் பேச வேண்டுமா என்று சிலருக்குத் தோன்றலாம். விவிலியம் கடனைப் பற்றிப் பேசத் தயங்கியதே இல்லை. இன்று நாம் வாசிக்கக் கேட்ட பகுதி, கடன்பட்ட ஒரு வீட்டின் கதைதான்.

இறைவாக்கினர் குழுவைச் சேர்ந்த ஒருவர் இறந்துபோகிறார். அவர் ஆண்டவருக்கு அஞ்சி நடந்தவர். அவர் விட்டுச் சென்றவை ஒரு மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு கடன். கடன் கொடுத்தவன் வந்து, பணத்துக்கு ஈடாகப் பிள்ளைகள் இருவரையும் அடிமைகளாகக் கொண்டுபோகப் போவதாகச் சொல்கிறான். அந்தத் தாய் இறைவாக்கினர் எலிசாவிடம் ஓடிப்போய் முறையிடுகிறார். எலிசா அவரிடம் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார். ஒரு கலயம் எண்ணெயைத் தவிர வேறொன்றும் இல்லை என்கிறார் அவர். அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய், வெறும் பாத்திரங்களை, அதுவும் நிறையவே, இரவல் வாங்கி வரச் சொல்கிறார் எலிசா. பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, பிள்ளைகளோடு இருந்து எண்ணெயை ஊற்றச் சொல்கிறார். பிள்ளைகள் பாத்திரங்களை எடுத்துக் கொடுக்கிறார்கள், தாய் ஊற்றுகிறார். பாத்திரங்கள் தீர்ந்த பிறகுதான் எண்ணெய் நிற்கிறது. பின்னர் எலிசா சொல்லும் வழி மிகத் தெளிவானது: எண்ணெயை விற்க வேண்டும், கடனை அடைக்க வேண்டும், மீதியை வைத்துத் தாயும் பிள்ளைகளும் பிழைக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் ஒலிவ எண்ணெய்தான் வீட்டுக்கு விளக்கு. சமையலுக்கும் அதுதான். இன்றைய மொழியில் சொன்னால், அந்த வீட்டின் மின்சாரமும் எரிவாயும் அந்த ஒரு கலயத்துக்குள் இருந்தன. ஆகவே இந்தக் கதை நம் வீட்டுக் கதையும்தான். கடன், விளக்கு, பிள்ளைகள் மூன்றும் இதில் இருக்கின்றன.

இதில் நாம் முதலில் கவனிக்க வேண்டியது, அந்தத் தாய் வாயைத் திறந்து சொன்னதை. அவர் கணவர் ஊதாரி இல்லை, இறைப்பற்று உள்ள மனிதர். அப்படிப்பட்டவர் வீட்டுக்கும் கடன் வந்தது. நோய் வரலாம், மழை பொய்க்கலாம், வேலை போகலாம், மகளுக்குத் திருமணம் வரலாம். நல்லவர்களும் கடன்படுகிறார்கள். கடன்பட்டதாலேயே ஒருவர் பாவியாகிவிடுவதில்லை. ஆனால் நம் ஊரில் கடன் என்றால் வெட்கம். வெட்கம் வந்தால் மறைப்பு. மறைத்த கடனை அடைக்க இன்னொரு கடன். அதை மறைக்க ஒரு பொய். மறைக்க மறைக்க வட்டி வளர்கிறது, மனம் சுருங்குகிறது. கடன்காரர் தெருமுனையில் வருவதைப் பார்த்துப் பின்வாசல் வழியாகப் போகிறவர், கொஞ்ச நாளில் கோயிலுக்கு வருவதையும் நிறுத்திவிடுகிறார். அங்கேயும் யாராவது பார்த்துவிடுவார்களே என்ற பயம்.

இந்தப் பயம் எங்கே கொண்டுபோய் விடும் என்பது நமக்குத் தெரியும். 2017 அக்டோபரில் திருநெல்வேலியில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு கூலித் தொழிலாளியும் அவர் மனைவியும் இரண்டு சின்னஞ்சிறு பெண் குழந்தைகளும் உயிரிழந்ததை நாடே கண்டு கலங்கியது. அந்தக் குழந்தைகளுக்குக் கடன் என்றால் என்னவென்றே தெரிந்திருக்காது. அதற்குப் பிறகும் இப்படிப்பட்ட செய்திகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆகவே இந்த வானொலி வழியாக ஒன்றை உறுதியாகச் சொல்ல விரும்புகிறோம். எவ்வளவு பெரிய கடனும் ஓர் உயிருக்கு ஈடாகாது. கடவுள் நம் விலையைக் கடன் சீட்டில் எழுதவில்லை, தம் மகனுடைய சிலுவையில் எழுதினார். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் யாருக்காவது வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் வந்திருந்தால், இன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். பங்குத்தந்தையிடமோ, அருள்சகோதரியிடமோ, நம்பிக்கையான ஓர் உறவினரிடமோ சொல்லுங்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் மனநல உதவி எந்த நேரமும் கிடைக்கும். தமிழக அரசின் 104 என்ற எண்ணிலும் பேசலாம். எலிசாவிடம் போய்க் கதறிய தாய் வெட்கப்படவில்லை. வாய்விட்டுச் சொன்னதால்தான் அவருடைய பிள்ளைகள் பிழைத்தார்கள்.

இரண்டாவதாக, எலிசா கேட்ட கேள்வி. அவர் உடனே பணம் எடுத்துக் கொடுத்துவிடவில்லை. வீட்டில் இருப்பது என்ன என்று கேட்டார். இருப்பதையும் கொடுக்க வேண்டியதையும் எண்ணிப் பார்க்கச் சொன்னார் என்றே நாம் இதைப் புரிந்துகொள்ளலாம். அந்தத் தாய் கதவைச் சாத்தியபோது பிள்ளைகளும் உள்ளேதான் இருந்தார்கள், வேலையும் செய்தார்கள். ஆகவே இந்த வாரம் ஒரு மாலை, செபமாலை முடிந்ததும், தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுக் குடும்பமாக உட்காருவோம். ஒரு நோட்டை எடுப்போம். ஒரு பக்கம் வரவு. மறுபக்கம் கடன்கள் எல்லாம்: யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி, எந்தத் தேதியில் தவணை. ஒளித்து வைத்த சீட்டுகளும் அன்று வெளியே வரட்டும். யாரும் யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம். அந்த மாலையில் கணவன் மனைவியை மன்னிப்பதும், மனைவி கணவனை மன்னிப்பதும் ஒரு பெரிய செபம். இயேசு கற்றுத் தந்த செபத்தில் நாம் குற்றங்கள் என்று சொல்லும் இடத்தில், மத்தேயு நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் கடன்கள் என்ற பொருளுடைய சொல்தான் இருக்கிறது. கடனும் மன்னிப்பும் ஒரே செபத்துக்குள் வருவது தற்செயல் இல்லை.

எண்ணிப் பார்க்கும்போது வட்டியின் உண்மையான முகம் தெரியும். நூற்றுக்கு 5 ரூபாய் வட்டிக்கு 20,000 ரூபாய் வாங்கினால் மாதம் 1,000 ரூபாய் வட்டி. 2 ஆண்டு முழுக்கக் கட்டினால் 24,000 ரூபாய் கட்டியிருப்போம். முதல் 20,000 அப்படியே நிற்கும். அதே 20,000 ரூபாயை வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு ரூபாய் வட்டியில் நகைக் கடனாக வாங்கி, அதே 1,000 ரூபாயை மாதந்தோறும் கட்டினால், 2 ஆண்டுக்குள் வட்டியும் முதலும் சேர்ந்து தீர்ந்துவிடும். கையை விட்டுப் போகும் பணம் ஒன்றுதான். ஒரு வழியில் கடன் தீர்கிறது, மறுவழியில் தீரவே இல்லை. தண்டலும் இப்படித்தான். 10,000 என்று எழுதிக்கொண்டு 8,500ஐக் கையில் கொடுத்து, நாளுக்கு 100 ரூபாயாக 100 நாளில் வசூலிக்கும்போது பார்க்க எளிதாகத்தான் இருக்கும். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அந்த வட்டி 100 சதவீதத்தையும் தாண்டிப் போகிறது. ஆகவே கடன்களை வரிசைப்படுத்தும்போது, யார் அதிகமாகச் சத்தம் போடுகிறார் என்று பார்க்காமல், எதற்கு வட்டி அதிகம் என்று பார்ப்போம். அதை முதலில் அடைப்போம். சும்மா இருக்கும் நகையை வைத்து வட்டி அதிகமான கடனை முடிப்பது புத்தி. ஒரு கடனை அடைக்க அதைவிட அதிக வட்டிக்கு இன்னொரு கடன் வாங்குவது, கிணற்றிலிருந்து ஏற இன்னும் ஆழமாகத் தோண்டுவதைப் போன்றது.

மின் கட்டணத்தையும் இப்படியே எண்ணிப் பார்ப்போம். நம் மாநிலத்தில் வீடுகளுக்கு 2 மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறார்கள். முதலில் ஒரு குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறுகிறது. 500 யூனிட்டைத் தாண்டினால் கூடுதலாகச் செலவான யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, கீழே இருக்கும் யூனிட்டுகளில் ஒரு பகுதிக்குக் கிடைத்த சலுகையும் போய்விடுகிறது. அதனால்தான் போன முறை 490, இந்த முறை 520 என்று வந்தால் தொகை எதிர்பாராமல் எகிறிவிடுகிறது. ஆகவே வாரம் ஒரு நாள், ஞாயிறு திருப்பலி முடிந்து வந்ததும், மீட்டரைப் பார்த்து எண்ணை நாள்காட்டியில் எழுதும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம். பில் வந்த பிறகு அதிர்ச்சி அடைவதைவிட, பாதி வழியிலேயே கையைச் சுருக்கிக்கொள்வது நல்லது.

எது எவ்வளவு எடுக்கிறது என்று தெரிந்தால் பயம் குறையும். 1,000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். பழைய மின்விசிறி 75 வாட். நாளுக்கு 20 மணி நேரம் சுற்றினால் 2 மாதத்தில் 90 யூனிட். இப்போது கடைகளில் கிடைக்கும் பி.எல்.டி.சி. மின்விசிறி ஏறக்குறைய 30 வாட்தான். அதே நேரம் சுற்றினால் 36 யூனிட். 2,000 வாட் வெந்நீர்க் கருவி அரை மணி நேரம் ஓடினாலே ஒரு யூனிட். ஏ.சி. ஓர் இரவுக்கு 8 யூனிட் எடுத்தால், 2 மாதத்தில் அது மட்டுமே 480 யூனிட் ஆகிவிடும். ஏ.சி. இல்லாமல் முடியாத வீடு என்றால், குழந்தையோ முதியவரோ நோயாளியோ இருந்தால், தாராளமாகப் போடுங்கள். ஆனால் 18இல் வைத்துவிட்டுப் போர்வையைப் போர்த்திக்கொள்ள வேண்டாம். வெப்பநிலையை ஒரு டிகிரி கூட்டி வைத்தால் மின்செலவு ஏறக்குறைய 6 சதவீதம் குறையும் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்கிறது. 26இல் வைத்து, கூடவே மின்விசிறியை மெதுவாகச் சுற்றவிட்டால் போதும்.

இவையெல்லாம் சின்ன விஷயங்கள்போலத் தோன்றலாம். அந்தத் தாயின் கலயமும் சின்னதுதான். ஒன்றும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தவர், ஒரு கலயம் எண்ணெய் இருக்கிறது என்று நினைவுகூர்ந்தார். கடவுள் அந்தக் கலயத்திலிருந்துதான் தொடங்கினார்.

மூன்றாவதாக, அக்கம்பக்கத்தார். அன்புக்குரியவர்களே, இந்தப் புதுமையில் அண்டை வீட்டார் இல்லாமல் எதுவும் நடந்திருக்காது. எண்ணெய் கடவுளுடையது, பாத்திரங்கள் தெருவுடையவை. எத்தனை வீடு பாத்திரம் கொடுத்ததோ அத்தனை அளவுக்கு எண்ணெய் வந்தது. பாத்திரம் தீர்ந்ததும் எண்ணெயும் நின்றது. கடவுளின் இரக்கம் ஒரு குடும்பத்துக்குள் எவ்வளவு பாயும் என்பதற்கு, பக்கத்து வீட்டின் மனத்தையும் கடவுள் ஓர் அளவாக வைத்திருக்கிறார் என்பது நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டும்.

திருச்சபை இதை உணர்ந்து செயல்பட்ட காலங்கள் உண்டு. 15ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் ஏழைகள் கடும் வட்டிக்குள் சிக்கித் தவித்தபோது, பிரான்சிஸ்குச் சபைத் துறவிகள் ஊர் ஊராக நன்கொடை திரட்டி, ஏழைகளுக்கான அடகு நிதியங்களைத் தொடங்கினார்கள். 1462இல் பெரூஜியா நகரில் அப்படி ஒன்று உருவானது. பொருளை அடகு வைத்து, நடைமுறைச் செலவுக்கான சிறு வட்டியில் ஏழைகள் பணம் பெற்றார்கள். 1515இல் ஐந்தாம் இலாத்தரன் பொதுச்சங்கம் இந்த முயற்சியை ஏற்று ஆதரித்தது. 1833இல் பாரிஸில் பிரடெரிக் ஓசானாம் என்ற கல்லூரி மாணவரும் அவருடைய நண்பர்களும் ஏழைகளின் வீடுகளுக்கே நேரில் போகத் தொடங்கினார்கள். அதுதான் இன்று நம் பங்குகளில் இருக்கும் வின்சென்ட் தே பவுல் சபை. ஏழை வாசலுக்கு வரட்டும் என்று காத்திராமல், ஏழையின் வாசலுக்கு இவர்கள் போனார்கள்.

நம் அன்பியங்கள் இதைச் செய்யலாம். அன்பியக் கூட்டத்தில் செபம், பாடல், பகிர்வு எல்லாம் இருக்கின்றன. ஜூன் மாதத்தில் ஒரு பள்ளிக் கட்டணத்துக்காக வட்டிக்குப் போகும் வீடு நம் அன்பியத்தில் இருக்கிறதா என்ற கேள்வி மட்டும் எழுவதில்லை. 20 குடும்பங்கள் மாதம் 100 ரூபாய் போட்டால் ஆண்டுக்கு 24,000 ரூபாய் சேரும். வட்டியில்லாமல் ஒரு வீட்டுக்குக் கொடுத்து, அவர்கள் மெதுவாகத் திருப்பியதும் அடுத்த வீட்டுக்குக் கொடுக்கலாம். கணக்கு நேர்மையாகவும் வெளிப்படையாகவும் இருக்கட்டும். வாங்கியவரின் பெயர் மட்டும் கூட்டத்தில் பேச்சாக வேண்டாம். கடன் வாங்கியவருக்கும் ஒரு கடமை உண்டு. சீராக்கின் ஞானம் 29ஆம் அதிகாரம் அண்டை வீட்டாருக்குக் கடன் கொடுக்கச் சொல்வதோடு நிற்காமல், வாங்கியவர் சொன்ன நாளில் திருப்ப வேண்டும் என்றும் வற்புறுத்துகிறது. ஒருவர் ஏமாற்றினால் அடுத்து வருகிற ஏழைக்குக் கதவு அடைபடுகிறது.

அதே சீராக், கடன் வாங்கி விருந்து வைத்து ஏழையாகிவிட வேண்டாம் என்று 18ஆம் அதிகாரத்தில் எச்சரிக்கிறார். புதுநன்மைக்கும் பூப்புனித நீராட்டுக்கும் ஊரைக் கூட்டி, பந்தி வைத்து, வட்டிக்கு வாங்கிச் செலவழிக்கும் பழக்கத்தை நாம்தான் நிறுத்த வேண்டும். ஏழை வீட்டார் தாங்களாக அதை நிறுத்த முடியாது, ஊர் பேசும் என்று பயப்படுவார்கள். வசதி உள்ளவர்கள் முதலில் எளிமையாகக் கொண்டாடினால், மற்றவர்களுக்கு விடுதலை கிடைக்கும். பங்குத் திருவிழா வரியும் அப்படித்தான். கட்ட முடியாத வீட்டின் பெயரைப் பலகையில் எழுதி வைத்துவிட்டு நாம் புனிதருக்குத் தேர் இழுத்தால், அந்தப் புனிதர் மகிழமாட்டார்.

நான்காவதாக, கதையில் வரும் கடன் கொடுத்தவனையும் பார்க்க வேண்டும். விவிலியம் அவனுக்குப் பெயர் தரவில்லை. ஆனால் அவனைப் போன்றவர்களுக்குக் கடவுள் சட்டம் தந்திருக்கிறார். அடகாக வாங்கிய போர்வையைப் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும், ஏழை அதைத்தான் போர்த்திக்கொண்டு தூங்குவான் என்று விடுதலைப் பயணம் 22ஆம் அதிகாரம் சொல்கிறது. மாவரைக்கும் கல்லை அடகு வாங்கக் கூடாது என்றும், அடகு வாங்கப் போகிறவர் கடன்பட்டவரின் வீட்டுக்குள் நுழையாமல் வெளியே நிற்க வேண்டும் என்றும் இணைச் சட்டம் 24ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. கடன்பட்டவனுக்கும் வீட்டு வாசல் உண்டு, அந்த வாசலுக்கு மரியாதை உண்டு என்பதே இதன் பொருள். வட்டியால் ஏழையை உறிஞ்சுவதைத் திருச்சபை எவ்வளவு கடுமையாகப் பார்த்தது என்பதற்கு ஒரு சான்று போதும்: 1179இல் மூன்றாம் இலாத்தரன் பொதுச்சங்கம், வெளிப்படையாக வட்டித்தொழில் நடத்துகிறவர்களுக்கு நற்கருணையும் கிறிஸ்தவ அடக்கமும் மறுக்கப்பட வேண்டும் என்று ஆணையிட்டது. இன்று நியாயமான வட்டியைத் திருச்சபை தவறு என்று சொல்வதில்லை. ஆனால் மீட்டர் வட்டி வசூலித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் கைகூப்பி நிற்பவர் யாராவது நம்மிடையே இருந்தால், அவர் இந்த வாரம் ஒரு சீட்டைக் கிழித்துப் போடட்டும். வட்டியாக வாங்கியது முதலைத் தாண்டிவிட்டதென்றால், கணக்கை முடித்துக்கொள்ளட்டும். அதைவிடப் பெரிய காணிக்கை அவர் உண்டியலில் போட முடியாது.

வீட்டை வாடகைக்கு விடுகிறவர்களுக்கும் ஒரு சொல். ஒரே மின் இணைப்பில் 2, 3 குடும்பங்களை வைத்துக்கொண்டு, மின்வாரியத்துக்குக் கட்டுவதைவிட அதிகமாக யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குவது, ஏழையின் விளக்கிலிருந்து எண்ணெய் எடுப்பதுதான். இலவச யூனிட்டுகளின் பலனும் அந்தக் குடியிருப்பவருக்குப் போய்ச் சேருவதில்லை. வந்த பில்லைக் காட்டி, செலவான அளவுக்குப் பங்கு பிரித்து வாங்குவது நீதி.

கடன் வாங்கியவர்கள் தங்கள் உரிமைகளையும் அறிந்திருக்க வேண்டும். மைக்ரோ பைனான்ஸ் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி 2022இல் விதிகள் வகுத்தது. ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் அழைத்துத் தொந்தரவு செய்யக் கூடாது. திட்டுவதும் மிரட்டுவதும், உறவினரையும் உடன் வேலை செய்வோரையும் தொல்லைப்படுத்துவதும் கூடாது. கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழகத்தில் 2003ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. கட்டாய வசூலுக்கு எதிராக 2025இல் மற்றொரு சட்டமும் நிறைவேறியது. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு, அவர்கள் வருமானம் எதுவாக இருந்தாலும், சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக இலவச சட்ட உதவி கிடைக்கும். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் அதன் அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். சட்டத்தின் உதவியை நாடுவது விசுவாசக் குறைவு ஆகாது. நெகேமியா 5ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். நிலத்தையும் வீட்டையும் அடகு வைத்து, பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொடுத்துத் தவித்த மக்களின் கூக்குரலைக் கேட்ட நெகேமியா, பெரியவர்களை எல்லாரும் பார்க்கும்படி சபை நடுவே நிறுத்திக் கேள்வி கேட்டார். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வைத்தார். அதுவும் இறைப்பணிதான்.

கடைசியாக, எலிசா வைத்த வரிசை. விற்பது, கடனை அடைப்பது, மீதியில் வாழ்வது. எண்ணெய் வந்ததும் முதல் வேலை கொண்டாட்டமாக இருக்கவில்லை. போனஸ் வரும்போது, சீட்டு விழும்போது, மகன் முதல் சம்பளம் அனுப்பும்போது, நமக்கும் இந்த வரிசை நினைவில் இருக்கட்டும். ஆனால் எலிசா எல்லாவற்றையும் கடனுக்கே கொடுத்துவிடச் சொல்லவில்லை. மீதியில் பிள்ளைகளோடு வாழச் சொன்னார். அரிசியையும் மருந்தையும் பிள்ளையின் படிப்பையும் பறித்துக் கடனை அடைக்கும்படி கடவுள் கேட்பதில்லை. கடன் தீர்வதும் குடும்பம் வாழ்வதும் இரண்டுமே அவருடைய விருப்பம்.

எனவே இந்த வாரம் மூன்று காரியங்கள் செய்வோம். மறைத்து வைத்த ஒரு சீட்டைக் குடும்பத்தின் முன் எடுத்து வைப்போம். மீட்டர் எண்ணை நாள்காட்டியில் எழுதத் தொடங்குவோம். கடனால் வாடும் ஒரு வீட்டை அன்பியத்தில் அமைதியாக அடையாளம் கண்டு, வெறும் கையோடு போகாமல், ஒரு பாத்திரத்தோடு போவோம்.

செபிப்போம்.

இரக்கமுள்ள தந்தையே, கைம்பெண்ணின் கூக்குரலைக் கேட்டவரே, இன்று இரவு கடனை நினைத்துத் தூங்க முடியாமல் புரளும் உம் பிள்ளைகளைக் கண்ணோக்கும். அவர்கள் வெட்கத்தை நீக்கி, வாய் திறந்து பேசத் துணிவு தாரும். கணவன் மனைவிக்குள் மறைவுகளை அகற்றும். கடன் கொடுத்தவர்களின் மனத்தை இளகச் செய்யும். எங்கள் பங்கையும் எங்கள் தெருவையும், பாத்திரம் கேட்டு வருபவருக்குக் கதவு திறக்கும் இடமாக மாற்றியருளும். எங்கள் வீடுகளில் விளக்கும் அணையாமல், அன்பும் அணையாமல் இருக்கட்டும். எங்கள் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.